ஜான்சனின் அகராதி எப்படி உருவானது? அதன் ஒரு பதிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

2008 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் துப்பாக்கி உரிமை பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. கைத்துப்பாக்கிகளுக்கு வாஷிங்டன் நகரம் விதித்திருந்த தடையை 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் நீக்கிய தீர்ப்பு அது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தில் வரும் 'ஆர்ம்ஸ்' என்ற சொல்லுக்குப் பொருள் காண, நீதிபதி அன்டோனின் ஸ்காலியா, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியைத் துணைக்கு அழைத்தார். தாக்குவதற்கான ஆயுதங்கள், அல்லது தற்காப்புக்கான கவசம் என்று அதன் 1773-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது.

லண்டனில் தொகுக்கப்பட்ட பழைய அகராதி ஒன்று அமெரிக்கச் சட்ட வழக்கில் எப்படிச் சாட்சியாகும் என்று கேட்பவர்கள் உண்டு. அகராதி சொன்னால் மறுபேச்சு ஏது என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒன்றை விட்டுவிடுகின்றன: அந்தப் பதிவு எந்த மேசையில், எந்தச் சீட்டிலிருந்து, யார் கை வழியாக அச்சுக்குப் போனது? அது தெரிந்தால்தான் அதன் பலமும் பலவீனமும் தெரியும்.

ஜான்சனுக்கு முன்பு

ஆங்கிலத்தின் முதல் அகராதியை ஜான்சன் எழுதினார் என்பது பரவலான தவறான நம்பிக்கை. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் தனி நூலாக முதலில் வந்தது ராபர்ட் காட்ரியின் 1604-ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதில் இருந்தவை சுமார் 2,500 சொற்கள். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, எபிரேயம் ஆகியவற்றிலிருந்து வந்த கடினச் சொற்களை மட்டுமே அது எடுத்துக்கொண்டது. ஒரு சொல்லுக்கு ஒரு வரி, பல இடங்களில் ஓரிரு சொற்கள், அவ்வளவுதான் விளக்கம். அகரவரிசையில் எப்படித் தேடுவது என்பதையே முன்னுரையில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்த காலம். முதல் பதிப்பின் ஒரே ஒரு பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அடுத்து வந்த 100 ஆண்டுகளில் இந்தத் தொழில் நகலெடுத்தே வளர்ந்தது. காட்ரியே தம் சொற்களில் பெரும்பகுதியை ஒரு பள்ளிப் பாடநூலிலிருந்தும் ஒரு லத்தீன் அகராதியிலிருந்தும் எடுத்தவர். பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைப் பார்த்து எழுதினார்கள். எவரோ உருவாக்கிய, யாரும் பேசாத சொல்கூட அகராதியிலிருந்து அகராதிக்கு இப்படிப் பயணம் செய்தது. அன்றாடச் சொற்களையும் சேர்க்கும் வழக்கம் 1702-ல் வெளிவந்த ஜான் கெர்சியின் அகராதி என்று கருதப்படும் நூலிலிருந்துதான் வேர்பிடித்தது. நேத்தன் பெய்லி 1721-ல் சுமார் 40,000 சொற்களையும், 1730-ன் பெரிய பதிப்பில் சுமார் 48,000 சொற்களையும் தந்தார். ஜான்சனின் 1755 பதிப்பில் இருப்பவை 42,773. எண்ணிக்கையில் பெய்லிதான் முந்தியவர்.

அப்படியானால் ஜான்சன் செய்தது என்ன? ஒரு சொல்லுக்கு இன்ன பொருள் என்று சொல்வதோடு நிற்காமல், அந்தப் பொருளில் அதை எழுதியவர் யார் என்று வரியோடு காட்டினார். 42,773 பதிவுகளுக்கு அடியில் ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்கள். ஐரோப்பாவில் இது புதிதல்ல. ஃப்ளாரன்ஸின் குருஸ்கா கழகம் 1612-லேயே எழுத்தாளர்களின் வரிகளோடு இத்தாலிய அகராதியை வெளியிட்டுவிட்டது. 1694-ல் வந்த பிரெஞ்சுக் கழகத்தின் அகராதி மேற்கோளே தரவில்லை. 40 அறிஞர்களின் தீர்ப்பு போதும் என்று நினைத்தது. ஜான்சன் இத்தாலிய வழியைத் தேர்ந்தார். ஆங்கிலப் பொது அகராதியில் அந்த அளவில் அதை யாரும் அதற்கு முன் செய்ததில்லை.

ஒப்பந்தமும் பணமும்

அரசரோ கழகமோ இந்த வேலையைக் கொடுக்கவில்லை. ராபர்ட் டாட்ஸ்லி, ஆண்ட்ரூ மில்லர், தாமஸ் லாங்மன் உள்ளிட்ட லண்டன் புத்தக வணிகர்கள் கூட்டாக முதல் போட்டார்கள். 1746 ஜூன் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. தொகை 1,500 கினி, அதாவது 1,575 பவுண்டு. மூன்று ஆண்டுகளில் முடிப்பதாகப் பேச்சு. நூல் வந்தது 1755 ஏப்ரல் 15 அன்று.

இந்தத் தொகை ஜான்சனின் ஊதியம் மட்டுமல்ல. உதவியாளர் கூலி உட்படத் தொகுப்புச் செலவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். ஃப்ளீட் தெருவை ஒட்டிய காஃப் சதுக்கத்தில் வீடு எடுத்து, அதன் மேல்மாடியைப் பணியறையாக்கினார். எழுத்தர்களாக ஆறு பேரின் பெயர்கள் தெரிய வருகின்றன, ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களில் ஃபிரான்சிஸ் ஸ்டூவர்ட்டின் கூலி வாரம் 12 ஷில்லிங். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கூலியில் ஒருவருக்கு ஆண்டுக்கு 31 பவுண்டுக்குச் சற்று மேல். ஆறு பேருக்கு 187 பவுண்டு. மூன்று ஆண்டுகளுக்கு இது தாங்கும். ஒன்பது ஆண்டுகள் ஆறு பேரையும் வைத்திருந்தால் கூலி மட்டுமே 1,680 பவுண்டைத் தாண்டி, ஒப்பந்தத் தொகையை விழுங்கியிருக்கும். ஆறு பேரும் எல்லா ஆண்டும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்திருக்க வழியில்லை. ஜான்சன் இடையிடையே இதழ்க் கட்டுரைகள் எழுதியதற்கும், நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே 1756 மார்ச்சில் 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காகக் கைதானதற்கும் பின்னணி இதுதான்.

செஸ்டர்ஃபீல்டு பிரபுவுடனான பிணக்கு எல்லோரும் சொல்லும் கதை. புரவலராக இருப்பார் என்று நம்பி, 1747-ல் அகராதியின் திட்ட அறிக்கை அவருக்கு முகவரியிடப்பட்டது. கிடைத்தது 10 பவுண்டு. உதவாத புரவலரைச் சாடி 1755 பிப்ரவரியில் ஜான்சன் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அகராதியின் உள்ளடக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

ஒரு பதிவு உருவான வழி

எஞ்சியிருக்கும் புத்தகங்களிலும் சீட்டுகளிலும் தடயங்கள் தெளிவாக உள்ளன. வேலை இந்த வரிசையில் நடந்தது:

1. வாசிப்பு. ஜான்சன் தாமே புத்தகங்களைப் படித்தார். தமக்குச் சொந்தமானவை, இரவல் வாங்கியவை இரண்டும் உண்டு. ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், பேக்கன், அடிசன், போப், விவிலியம் ஆகியவை அடிக்கடி வருபவை.

2. குறியிடல். வேண்டிய சொல்லின் கீழே பென்சில் கோடு. மேற்கோள் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் செங்குத்துக் கோடு. ஓரத்தில் அந்தச் சொல்லின் முதலெழுத்து.

3. படியெடுத்தல். எழுத்தர் ஓரத்து எழுத்தைப் பார்த்து, குறித்த பகுதியைத் தாளில் எழுதுவார். எழுதி முடித்ததும் அந்த எழுத்தை அடித்துவிடுவார். அடிக்கப்படாத எழுத்து இருந்தால் வேலை பாக்கி என்று பொருள்.

4. பிரித்தல். எழுதிய தாள்களைத் துண்டுகளாக நறுக்கி, தலைச்சொல் வாரியாக அகரவரிசையில் சேர்ப்பது.

5. பொருள் வகுத்தல். ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, எத்தனை பொருள்கள், எந்த வரிசை என்று ஜான்சன் முடிவு செய்வார். விளக்கமும் சொற்பிறப்பும் எழுதப்படும். மேற்கோள்கள் அதனதன் பொருளின் கீழே போகும்.

ஐந்தாவது படிதான் உயிரானது. பொருள்களை வரிசைப்படுத்த அவர் வைத்த விதியை 1747 திட்ட அறிக்கையில் 'அரைவ்' என்ற வினையைக் கொண்டு விளக்குகிறார். முதலில் மூலப்பொருள்: கடல்வழி வந்து கரை சேர்தல். பிறகு அதிலிருந்து விரிந்தது: நிலமோ நீரோ, ஓர் இடத்தை அடைதல். அதற்கும் பிறகு உருவகம்: விரும்பிய பதவியை அடைதல். புழக்கத்தில் எது அதிகம் என்பது இங்கே கேள்வியே அல்ல. முதல் எண்ணில் இருப்பதுதான் அன்றைய பொதுப்பொருள் என்று இன்று படிப்பவர் எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடுவார்.

கையெழுத்துப்படி பாதியில் ஏன் சரிந்தது

மூன்று ஆண்டு ஒன்பதானதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். முக்கியமான காரணம் வேலைமுறையில் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ள சீட்டுகளை ஆராய்ந்தவர்கள் இதைப் படிப்படியாக மீட்டெடுத்திருக்கிறார்கள்.

முதல் முயற்சியில் தலைச்சொற்களை முன்கூட்டியே ஏடுகளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் உத்தேசமாக இடம் விட்டார்கள். பழைய அகராதிகளைப் பார்த்தால் ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு பொருள்தான், அதற்கேற்ற இடம். ஆனால் சீட்டுகள் வந்து குவிந்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. முன்பே எழுதிவைத்த எந்தப் பொருளிலும் அடங்காத வரிகளை ஷேக்ஸ்பியரும் பேக்கனும் எழுதியிருந்தார்கள். புதுப் பொருளை இடையில் நுழைத்தால் எண்வரிசை முழுவதும் மாறும்; இடமோ இல்லை. 'டேக்' என்ற ஒரு வினைச்சொல் அச்சில் 130-க்கு மேற்பட்ட பொருள்களாக விரிந்தது என்றால், ஏட்டில் விட்ட இடைவெளி எவ்வளவு தாங்கியிருக்கும்? கம், கெட், கிவ், புட், செட், மேக் எல்லாமே இப்படித்தான். கடினச் சொற்களை மட்டும் தொகுத்த பழைய அகராதிகள் இந்தச் சுவரை முட்டவே இல்லை. எளிய சொற்களுக்கு ஆதாரத்தோடு பொருள் சொல்ல முயன்றவர்தான் முட்டினார்.

கூடவே இன்னொரு நடைமுறைப் பிழை. கையெழுத்துப்படியைத் தாளின் இருபுறமும் எழுதிவிட்டார்கள். அச்சகத்துக்கு ஒருபுறம் மட்டும் எழுதிய தாள்தான் வேண்டும். அச்சுக் கோப்பவர்களுக்குத் தாளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், இடையில் ஒரு சீட்டை ஒட்டி நுழைக்க வேண்டும், வேண்டாததை வெட்டி எடுக்க வேண்டும். இருபுறமும் எழுத்து இருந்தால் ஒரு பக்கத்தை வெட்டும்போது மறுபக்கமும் போய்விடும். மறுபடி படியெடுக்க 20 பவுண்டு செலவானது.

இரண்டாம் முறையில் வேலை தலைகீழானது. முதலில் மேற்கோள், பிறகு பொருள். இந்த மாற்றமே அகராதியின் தரத்தைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. முதல் முறையிலேயே வேலை முடிந்திருந்தால் மேற்கோள்களால் அலங்கரிக்கப்பட்ட பெய்லிதான் கிடைத்திருக்கும்.

அச்சகம் விதித்த எல்லைகள்

அச்சிட்டவர் வில்லியம் ஸ்ட்ரான். நூல் பெரிய ஃபோலியோ வடிவம்: ஒரு முழுத்தாளை ஒருமுறை மடித்தால் 4 பக்கம். இரு தொகுதிகளில் சுமார் 2,300 பக்கங்கள் என்றால் ஒரு பிரதிக்கு 575 தாள். 2,000 பிரதிகளுக்கு 11 லட்சத்து 50 ஆயிரம் தாள். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலம். இவ்வளவு பக்கங்களுக்கும் எழுத்தைக் கோத்து அப்படியே வைத்திருக்க எந்த அச்சகத்திலும் எழுத்து இருப்பு கிடையாது. ஒரு தாள் அச்சானதும் கலைத்து, அதே எழுத்துகளால் அடுத்ததைக் கோப்பார்கள்.

இதனால் தொகுப்பு முடியும் முன்பே அச்சு தொடங்கியது. ஏ வரிசை அச்சான பிறகு அதற்கு அருமையான மேற்கோள் ஒன்று கிடைத்தால் சேர்க்க வழியில்லை. பருமன் கூடினால் விலை கூடும் என்பதால் மேற்கோள்களையும் குறுக்க வேண்டியிருந்தது. சில வரிகள் பொருள் மங்கும் அளவுக்கு வெட்டப்பட்டதை ஜான்சனே முன்னுரையில் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார். ஆகவே அகராதியில் இருக்கும் வரியை மூலநூலின் சரியான வாசகம் என்று எடுத்தாள்வது ஆபத்து. சுருக்கியது, சொல் மாறியது, நினைவிலிருந்து எழுதியது எல்லாம் கலந்திருக்கின்றன.

பிழைகள் எங்கே நுழைந்தன

ஓட்ஸ் தானியத்துக்குத் தந்தது, அகராதி எழுதுபவரைத் 'தீங்கற்ற உழைப்பாளி' என்றது போன்ற நான்கைந்து வேடிக்கையான விளக்கங்களே இணையத்தில் சுற்றுகின்றன. 42,773-ல் அவை பொருட்டே அல்ல. வேலையின் எந்தப் படியில் எந்தப் பிழை பிறந்தது என்பதுதான் பார்க்கத் தக்கது.

1. வாசிப்பில்: அன்றைய அச்சில் சொல்லின் நடுவிலும் முதலிலும் வரும் எஸ் எழுத்து நீண்ட வடிவில், எஃப் போலவே இருக்கும். 'சூப்' என்று இருந்ததை 'ஃபூப்' என்று வாசித்ததால் இல்லாத ஒரு சொல் அகராதியில் ஏறியது.

2. நேரடி அறிவு இல்லாத துறைகளில்: 'லீவர்டு' (காற்று போகும் பக்கம்), 'விண்ட்வர்டு' (காற்று வரும் பக்கம்) இரண்டும் கடலோடிகளின் சொற்கள், நேரெதிர்ப் பொருள். இரண்டுக்குமே காற்றை நோக்கி என்று விளக்கம் அச்சானது. குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதியான 'பாஸ்டர்ன்' முழங்கால் ஆகிவிட்டது. சுரங்கத் தொழிலாளியின் பேச்சைக் கேட்கச் சுரங்கத்துக்குள் போகவோ, கப்பல் மொழிக்காகக் கடலேறவோ தம்மால் முடியவில்லை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

3. விளக்கத்தில்: விளக்கும் சொல் விளக்கப்படும் சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும் என்பது விதி. எளிய சொற்களில் இது இயலாது. 'நெட்வொர்க்' பதிவு அதற்கு அழியாத உதாரணம். மூன்று கடின லத்தீன் சொற்களைத் தெரிந்துகொள்ளாமல் அந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

4. தூரத்தில்: மாம்பழம் என்பது ஜாவாத் தீவின் பழம், ஊறுகாயாக ஐரோப்பாவுக்கு வருவது என்கிறது பதிவு. நமக்கு விசித்திரமாகத் தோன்றும். ஆனால் லண்டனுக்கு மாங்காய் வந்து சேர்ந்தது அந்த வடிவில்தான். கண்ணுக்கு எட்டிய ஆதாரத்தை அவர் மீறவில்லை.

எந்தக் காலத்து ஆங்கிலம் இது?

மேற்கோள்களுக்கு ஜான்சன் வகுத்த எல்லையில்தான் சட்ட வாதங்கள் இடறுகின்றன. 1586-ல் இறந்த ஃபிலிப் சிட்னியின் காலத்திலிருந்து 1660 வரையிலான எழுத்தை அவர் ஆங்கிலத்தின் கலப்பற்ற ஊற்று என்று கருதினார். அதற்குப் பின் வந்த டிரைடன், போப் போன்றவர்களை ஏராளமாகச் சேர்த்தாலும், உயிரோடு இருந்தவர்களைச் சில விதிவிலக்குகள் தவிர எடுக்கவில்லை. நாட்டாரின் பேச்சு, கடிதங்கள், கடைத்தெரு வழக்கு ஆகியவை ஆதாரமாகவே வரவில்லை. ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவர் என்று கருதியதால் தாமஸ் ஹாப்ஸ் போன்ற பெரிய உரைநடையாளரையே ஒதுக்கினார்.

விளைவு? அமெரிக்க அரசியல் சட்டம் 1787-ல் எழுதப்பட்டது. இரண்டாம் திருத்தம் 1791-ல் ஏற்கப்பட்டது. அகராதியில் பொருளுக்கு ஆதாரமாக நிற்பவற்றில் பெரும்பங்கு அதற்கு 100, 150 ஆண்டுகள் முந்தைய ஆங்கில இலக்கியம். அந்தப் பொருள் 1791 வரை மாறாமல் இருந்திருக்கலாம், மாறியும் இருக்கலாம். அதை அகராதி சொல்லாது. ஒரு சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் படித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. மக்களிடையே அதுதான் வழக்கமான பொருளாக இருந்தது என்று காட்ட, அதே ஆண்டுகளின் செய்தித்தாள்களும் சட்டங்களும் கடிதங்களும் வேண்டும்.

பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தொடங்கியவர்கள் இந்தக் குறையை உணர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆண்டு போட்டார்கள், காலவரிசையில் அடுக்கினார்கள், வாசிப்பை ஒருவரிடம் விடாமல் தன்னார்வலர்களுக்குப் பகிர்ந்து, லட்சக்கணக்கான சீட்டுகளைப் பெற்றார்கள். முதல் பகுதி 1884-லும் கடைசிப் பகுதி 1928-லும் வந்தன. ஜான்சனின் விளக்கம் அப்படியே பொருந்திய இடங்களில் அவர் பெயரின் முதலெழுத்தான ஜே-வை இட்டு எடுத்துக்கொண்டார்கள். சீட்டு முறைக்கே உரிய ஆபத்து மட்டும் அங்கேயும் போகவில்லை. 'பாண்ட்மெய்டு' (அடிமைப் பெண்) என்ற சொல்லின் சீட்டுகள் தவறிப்போனதால் அந்தச் சொல் அச்சேறாமல் விடுபட்டு, 1933-ன் பின்னிணைப்பில்தான் இடம்பெற்றது.

ஒரு பதிவைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பதிப்பு எது? ஜான்சன் முழுமையாகத் திருத்தியது 1773-ன் நான்காம் பதிப்பு. பொருள்களும் மேற்கோள்களும் அதில் பல இடங்களில் கூடின, மாறின. 1755 என்று சொல்லிவிட்டு 1773-ன் வரியைக் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

2. எங்கே தேடுவது? ஐ, ஜே இரண்டும் ஒரே வரிசை. யூ, வீ இரண்டும் ஒரே வரிசை. இன்றைய வரிசையில் தேடி, சொல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லே இல்லை என்று ஜான்சன் கருதியதால் அந்த வரிசை காலி.

3. மேற்கோள் இருக்கிறதா? ஆசிரியர் பெயருக்குப் பதிலாக 'டிக்ட்' என்ற சுருக்கமோ பெய்லி, ஐன்ஸ்வொர்த் போன்ற பெயரோ இருந்தால், அந்தச் சொல் வேறு அகராதியிலிருந்து வந்தது. ஜான்சன் அதை எந்த நூலிலும் பார்க்காமல் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. அத்தகைய பதிவைப் புழக்கத்துக்குச் சாட்சியாக வைக்கக் கூடாது.

4. மேற்கோள் ஆசிரியர் வாழ்ந்த காலம் எது? அகராதி ஆண்டு தராது; நாமே தேடி எழுதிக்கொள்ள வேண்டும். மூலநூலைத் திறந்து வரியையும் சரிபார்க்க வேண்டும்.

5. கையில் இருப்பது பெரிய பதிப்பா, சுருக்கமா? பெரியதன் விலை 4 பவுண்டு 10 ஷில்லிங். ஸ்டூவர்ட்டின் கூலிக் கணக்கில் ஏழரை வார உழைப்பு. வாங்கக்கூடியவர்கள் சிலரே. 6 பென்ஸ் வீதம் 165 வாரப் பகுதிகளாகவும் விற்றுப் பார்த்தார்கள். பரவலாக வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் போனது 1756 ஜனவரியில் 10 ஷில்லிங்குக்கு வந்த இரு தொகுதிச் சுருக்கம். அதில் மேற்கோள் வரிகளை எடுத்துவிட்டு ஆசிரியர் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தக் காலத்தவர் கையில் இருந்த அகராதி பெரும்பாலும் இந்தச் சுருக்கமே என்பதால், அவர்கள் என்ன படித்தார்கள் என்று அறிய இதைத் திறக்க வேண்டும். பொருளுக்கு ஆதாரம் என்ன என்று அறியப் பெரிய பதிப்புக்குத்தான் போக வேண்டும்.